மூஞ்சி பாஸ்

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளியும் அக்கா என்பார், நேற்றுப் பேசக் கற்றுக்கொண்ட எதிர்வீட்டுக் குழந்தையும் அக்கா என்னும். ஆஸ்பத்திரியில் மட்டும் பெட்ஷீட்டக்கா. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினாறு வருட வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்புகள் அவள் கைவழியே போகும். ரத்தம் பட்டதைத் தனியாகப் பிரித்துப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வெந்நீரில் போட்டுவிட்டால் கறை துணியோடு கூடப் பிறந்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அதுதான். இரண்டாவது பாடம், விரிப்பை உதறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது.

குடியிருப்பது ஊருக்கு வெளியே, கல்குவாரியையும் தாண்டி. ஊருக்குள் தகரக்கூரைக்குக் கீழே இருந்தவர்களையெல்லாம் கொண்டுவந்து நாலு மாடிக் கட்டடங்களில் அடுக்கிவைத்த இடம். வீடு கொடுத்தார்கள், தண்ணீர்த் தொட்டி கொடுத்தார்கள், போனால் போகிறதென்று ஒரு பஸ்ஸும் கொடுத்தார்கள். பதினேழு சி. காலை ஐந்து இருபதுக்கு முதல் நடை. அப்புறம் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இரண்டே முக்காலுக்குத் திரும்புகிற நடை. நடுவில் வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

பஸ் என்று சொன்னால் மற்ற பஸ்களுக்கு மானக்கேடு. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். பின்பக்க இருக்கை ஒன்றில் பஞ்சே இல்லை, வெறும் கம்பி, அதில் உட்கார்ந்தவன் எழுந்து போகும்போது யாராவது, "என்னப்பா, கம்பி எண்ணிட்டு வந்துட்டியா?" என்று கேட்பார்கள். ஆனால் ஐந்து இருபது என்றால் ஐந்து இருபது. தெருக்கூட்டுகிறவர்கள், வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், காவலாளிகள், ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று ஐம்பது பேருக்கு அந்த வண்டிதான் கை, கால், கடிகாரம் எல்லாம்.

அக்காவுக்கு அதற்கும் மேலே ஒன்று. அவள் புருஷனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நாலு வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரைக்கு டயாலிசிஸ் படுக்கையில் இருக்க வேண்டும். ஆறே முக்கால் வரை நர்ஸ் பார்ப்பாள். அதற்குமேல் வராந்தாவில் காத்திருக்கிற அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவாள். நாலு மணிநேரம் ஊசியோடு படுத்திருந்துவிட்டு அவர் மெல்ல நடந்து சலவைப் பிரிவுக்கு வருவார். மடித்த விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சில் படுத்துக்கொள்வார். இரண்டரைக்கு அவள் வேலை முடியும். இரண்டே முக்கால் வண்டியில் இருவரும் வீடு திரும்புவார்கள்.

அவர் அந்தக் காலத்தில் பெயிண்டர். இன்றைக்கும் குடியிருப்பில் பெயிண்டர் என்றால்தான் தெரியும். வியாதி உடம்பைத் தின்றதே ஒழிய வாயைத் தொடவில்லை. "நீ துணி துவைக்கிற, அவங்க என் ரத்தத்தைத் துவைக்கிறாங்க. ஒரே ஆஸ்பத்திரியில நம்ம குடும்பத்துக்கு ரெண்டு சலவை" என்பார். ஊசி போடுவதற்காக இடது முழங்கைக்குக் கீழே ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அங்கே கைவைத்தால் உள்ளே எப்போதும் ஓர் இரைச்சல் ஓடுவது தெரியும். அது ஓடுகிறவரைக்கும் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுக்கும்போது அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். "வண்டி ஓடுதா?" என்று கேட்பார் அவர். "ஓடுது, ஓடுது, பேசாம தூங்குங்க" என்பாள் அவள்.

குடியிருப்பு நிறுத்தத்தில் ஒரு பலகைகூடக் கிடையாது. வெறும் இரும்புக்கம்பம்தான். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் பெயிண்டரே மிச்சமிருந்த மஞ்சள் பெயிண்டை எடுத்துக்கொண்டு போய் அதில் பதினேழு சி என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் நன்றி சொல்லவும் இல்லை. ஆனால் அவருக்கு உடம்பு முடியாமல் போனபிறகு, அந்தக் கம்பத்துக்குப் பத்தடி தள்ளியிருந்த சாக்கடைப் பாலத்தின் மேடையை உரசினாற்போல் ஓட்டுநர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தார். மேடையும் படியும் சமமாக இருக்கும். அவர் காலைத் தூக்காமல் உள்ளே போகலாம். கண்டக்டர் இருக்கைக்கு அடுத்த ஜன்னலோரம் அவருக்கு. வண்டி பிதுங்கி வழிந்தாலும் அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

இனி அந்த மூஞ்சி பாஸ் விஷயத்துக்கு வர வேண்டும். வராமல் இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

முதல் நடையில் வருகிறவர்களில் முக்கால்வாசிக்கு மேல் பாஸ்காரர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாதப் பாஸ், பெயிண்டர் மாதிரி நோயாளிகளுக்கு வருடப் பாஸ். பாஸைப் பார்த்து, டிக்கெட் மிஷினில் அதற்கென்று இருக்கிற பொத்தானை அழுத்தி, வருகிற சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது விதி. நாலு வருடத்துக்கு முன்பு அந்தத் தடத்துக்குப் புதிதாக ஒரு கண்டக்டர் வந்தான். முப்பது வயதுதான் இருக்கும். ஊதலைத் தொலைத்துவிட்டு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பான், அதனால் விசில் என்று பெயர் விழுந்தது. வந்த புதிதில் ரொம்பக் கறார். ஒரு திங்கட்கிழமை, நல்ல மழை. அக்காவின் ஒரு தோளில் புருஷன் சாய்ந்திருக்கிறார், இன்னொரு தோளில் பை, பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் பாஸ்.

"பாஸ் காட்டுங்கக்கா."

"தம்பி, நேத்தும் வந்தேன், முந்தாநேத்தும் வந்தேன். நாளைக்கும் வருவேன். என் மூஞ்சியைவிடவா அந்த அட்டை பெருசு? என் மூஞ்சிதான் பாஸ். நல்லாப் பாத்துக்க."

பஸ்ஸே சிரித்தது. விசிலும் சிரித்துவிட்டான். "சரி, மூஞ்சி பாஸ் ஓகே. மாமா மூஞ்சி?"

"அதுவும் பாஸ்தான். கொஞ்சம் பழைய பாஸ்" என்றார் பெயிண்டர்.

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு நாலு வருடம் நீடித்தது. மறுநாள் காவலாளியும் தாடையைத் தடவிக்கொண்டு "மூஞ்சி பாஸ்" என்றார். அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். ஒரு மாதத்தில் வண்டிக்கே அது சட்டமாகிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் ஏறுகிற ஐம்பது பேரையும் பையைத் துழாவ வைக்க வேண்டாம் என்பதில் விசிலுக்கும் சந்தோஷம். டிப்போவில் கொடுக்கிற காகிதச்சுருள் பாதி வழியில் தீர்ந்துபோகிற தொல்லையும் இல்லை. குடியிருப்புக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால், "என்ன, உனக்கு மூஞ்சி பாஸ் ஆயிடுச்சா?" என்று கேட்பார்கள். ஆகிவிட்டது என்றால் அவன் நம்ம ஆள். ஊரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அடையாள அட்டை எங்கே, நகல் எங்கே, நகலின் நகல் எங்கே என்று கேட்கிற உலகத்தில், ஓர் இடத்திலாவது மூஞ்சியைப் பார்த்து உள்ளே விடுகிறார்களே என்று அவர்களுக்கெல்லாம் ஒரு பெருமை. அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் பெருமை, ஆரம்பித்துவைத்தவள் அவள்தானே. நுணலும் தன் வாயால் கெடும் என்று தெரியாமலா சொல்லிவைத்தார்கள்?

ஒருநாள் காலை பெயிண்டர் எழுதிய கம்பத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'போதிய பயணிகள் இன்மையால் தடம் எண் 17 சி முதல் நடை மற்றும் பிற்பகல் நடை வரும் ஒன்றாம் தேதி முதல் நிறுத்தப்படுகிறது.' காவலாளி கைபேசி வெளிச்சத்தில் அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். ஐம்பது பேர் சுற்றி நின்றுகொண்டு கேட்டார்கள்.

"பயணிகள் இல்லையாமா? அப்ப நாம யாரு, பேயா?" என்றாள் தெருக்கூட்டுகிற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். வேறு ஏதோ தடத்துக்குப் போக வேண்டிய காகிதத்தை இங்கே ஒட்டிவிட்டார்கள் என்றே நினைத்தார்கள்.

ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் முன்னால், அறுபத்தொரு கையெழுத்தும் பதினேழு கைநாட்டும் வைத்த மனுவை எடுத்துக்கொண்டு அக்காவும் காவலாளியும் டிப்போவுக்குப் போனார்கள். மேலாளர் கெட்ட மனுஷர் இல்லை. உட்காரச் சொன்னார். மனுவைக் கடைசிவரை படித்தார். படித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்கம்மா. முதல் நடையில சராசரியா நாலு பேர். போன வருஷமும் நாலு, அதுக்கு முந்தின வருஷமும் நாலு. நாலு பேருக்காக ஒரு பஸ் ஓட்ட முடியுமா? நீங்களே சொல்லுங்க."

காவலாளி சிரித்தேவிட்டார். "நாலு பேரா? சார், நாலு பேர் படியிலயே தொங்குவாங்க!"

"நீங்க சொல்றீங்க. மிஷின் நாலுங்குதே. மிஷினுக்கு உங்க மேல என்ன கோபம்?"

அந்த நாலு பேர் யாரென்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. யாராவது வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற விருந்தாளி, வழி தவறி வந்தவன், பாஸ் புதுப்பிக்க மறந்தவன், இப்படிக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவர்கள். மற்றவர்கள் யாரும் அந்த மிஷினைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

அதே நேரத்தில் விசில் பையையும் மிஷினையும் ஒப்படைக்க உள்ளே வந்தான். அவர்களைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். அப்படியே கதவோரம் நின்றுவிட்டான். அவனுக்கு வீட்டில் இரண்டு சின்னப் பெண்கள் இருப்பது அக்காவுக்குத் தெரியும். அவர்களுடைய பள்ளிக்கூடச் சட்டையைக் குடியிருப்பில் இருக்கிற தையல்காரியிடம்தான் தைக்கக் கொடுப்பான். எத்தனையோ தடவை அக்காவே தைத்ததை வாங்கிக்கொண்டுபோய் அவன் கையில் கொடுத்திருக்கிறாள். சொல்லிவிடாதீர்கள் என்று அவன் கண் கெஞ்சியது.

சொல்லாமல் வந்திருக்கலாம். அதை அவள் பிறகு ஆயிரம் தடவை நினைத்தாள். ஆனால் அந்த நிமிஷத்தில் அவளுக்கு முன்னால் திங்கள், புதன், வெள்ளி மூன்றும்தான் நின்றன.

"சார், நாங்க பாஸ்காரங்க. பாஸ் காட்டறது கிடையாது. மூஞ்சி தெரியும்னு தம்பி கேக்க மாட்டாரு, மிஷின்லயும் அடிக்க மாட்டாரு. இதை ஆரம்பிச்சது நான்தான் சார். தப்பு என்னுது. நாங்க ஐம்பது பேர் சத்தியமா வர்றோம். வேணும்னா நாளைக்கே ஆள் விட்டு எண்ணிப் பாருங்க."

மேலாளர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு விசிலைப் பார்த்தார். "நிஜமா?"

அவன் தலையாட்டினான்.

"அப்ப நாலு வருஷமா சீட்டு அடிக்காம ஆள் ஏத்தியிருக்கே." அவர் ஒரு காகிதத்தை இழுத்து அவனுடைய சஸ்பென்ஷனை எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே சொன்னார்: "அம்மா, நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? விசாரணை வைக்கணும், மேலே எழுதணும், அங்கேருந்து வரணும். அந்த வண்டியைப் புது சுற்றுச்சாலைக்கு மாத்தி உத்தரவு போட்டாச்சு. இப்ப என்கிட்ட வண்டியே இல்ல."

இப்படியாக ஒரே வாக்கியத்தில் விசிலுக்கு வேலை போயிற்று, பஸ்ஸும் வரவில்லை. வாசலில் அவன் அவளுக்காக நின்றிருந்தான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்க்கா" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வழக்கம்போலச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரித்தார்தான், ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

"அந்த நாலு பேர்ல நான் உண்டா?"

"இல்ல. நானும் இல்ல."

"அப்ப நாலு வருஷமா நான் ஆஸ்பத்திரிக்கே போகல?"

"சும்மா இருங்க."

"இல்ல, கேக்கறேன். ஊசி குத்தினதெல்லாம் வேற எவனையோ போலிருக்கு" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வண்டி நின்றது. குடியிருப்பிலிருந்து பெரிய ரோடு மூன்று கிலோமீட்டர். குவாரி லாரிகள் தின்றுபோட்ட ரோடு, விளக்கு கிடையாது. நல்ல காலுள்ளவனுக்கு முக்கால் மணி நேரம். காய்கறி வண்டிக்காரர் தன் தள்ளுவண்டியைக் கொடுத்தார். அதில் மெத்தையை விரித்துப் புருஷனை உட்காரவைத்து அக்கா தள்ளிக்கொண்டு போனாள். முதல் நாள் அவர், "ராஜா ஊர்வலம் போறாரு, ஒதுங்கு ஒதுங்கு" என்று கத்தினார். மாடி ஜன்னல்கள் இரண்டில் விளக்கு எரிந்தது. மூன்றாம் நாளுக்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பெரிய ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, நிற்கிற பஸ்ஸுக்குத்தான் பஞ்சம். பக்கத்து ஊரிலிருந்தே நிறைந்து வரும். தூரத்தில் விளக்கு தெரிந்ததும் அக்கா புடவையைச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கிக் கைகாட்டுவாள். பின்னால் வருகிறது என்று ஓட்டுநர் கையை ஆட்டிவிட்டுப் போவான். பின்னால் வருகிறவனும் அதையே ஆட்டுவான். தப்பித்தவறி ஒன்று நின்றாலும் நிறுத்தத்தில் நிற்காது, முப்பதடி தள்ளிப் போய் நிற்கும். இவர் எழுந்து, அவள் தோளைப் பிடித்து, பத்தடி நடப்பதற்குள் அது கிளம்பிவிடும். இங்கே சாக்கடைப் பாலத்து மேடையும் இல்லை, மாமா மெதுவா ஏறட்டும் என்று சொல்ல விசிலும் இல்லை. படி இடுப்பு உயரத்துக்கு இருந்தது. ஒருமுறை பாதிப் படியில் நிற்கும்போது வண்டி நகர்ந்து, அவர் கைப்பிடியை விட்டுப் பின்னால் அவள் மேலேயே விழுந்தார். அவளுக்கு முழங்கை கிழிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றையிலிருந்து பஸ் வந்தாலே அவர் அவள் தோளை இறுகப் பிடித்துக்கொள்வார்.

முதல் மாதத்தில் ஐந்து தடவை படுக்கை போயிற்று. ஏழு மணிக்குப் போய் நின்றால் நர்ஸ் என்ன செய்வாள்? "அக்கா, நீங்க இங்க வேலை செய்றவங்க, உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பெரியவர் ராத்திரியிலேருந்து வராந்தாவுல உட்கார்ந்திருக்காரு. அவரை எழுப்பிப் போகச் சொல்லட்டுமா?" அக்காவால் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் இடமிருந்தால் போடுகிறேன் என்பாள் நர்ஸ். சாயங்காலம் போட்டால் முடிய ராத்திரி ஆகும். திரும்ப வண்டி கிடையாது. சலவைப் பிரிவிலேயே மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் அவள் அப்படியே வேலைக்குத் திரும்புவாள். மேற்பார்வையாளர் இரண்டு தடவை பார்த்தும் பார்க்காததுபோல் போனார். மூன்றாம் தடவை, இது சத்திரம் இல்லையம்மா என்றார்.

ஆம்புலன்ஸுக்குக் கேட்டுப்பார்த்தாள். அவசரம் என்றால் மட்டும்தான் வருவோம் என்றார்கள். அவசரம் ஆகாமல் இருக்கத்தானே கேட்கிறோம் என்று சொல்ல நினைத்தாள், போனை வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் ஓர் அறை பார்த்தாள்; வாடகை அவள் சம்பளத்தைவிட நூறுதான் குறைவு. கல்யாணமாகித் தூரத்து ஊரில் இருக்கிற மகள், அப்பாவை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு என்று போனில் அழுதாள். அவள் ஊரில் டயாலிசிஸ் மிஷினே கிடையாது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே சாண்கூட ஏறவில்லை.

அவராகவே வாரத்தில் ஒருநாளைக் கழித்துவிட்டார். "இன்னிக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்" என்பார். உடம்பு நன்றாக இல்லை என்பது கண்ணிருக்கிற யாருக்கும் தெரியும். கால் வீங்கி விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். தண்ணீர் குடித்தால் உடம்பில் சேர்ந்துவிடுமென்று ஒரு டம்ளரை நாள் முழுக்க வைத்துக்கொண்டு நாக்கை நனைத்துக்கொள்வார். அவளுக்குத் தெரியும், அவருக்கு அலுத்துப்போனது டயாலிசிஸ் இல்லை. தள்ளுவண்டியில் உட்கார்ந்து அவள் முதுகு வளைவதைப் பார்ப்பதுதான். தெரிந்தும் சில நாள் அவள் வற்புறுத்தவில்லை. அவளுக்கும் அலுத்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவர் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லுகிற காலையில் அவளுக்குள் ஒரு மூலையில் அப்பாடா என்று இருக்கும். அந்த அப்பாடாவைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு புதன்கிழமை. ஞாயிறிலிருந்தே மூச்சு வாங்கியது. திங்கட்கிழமை படுக்கை கிடைக்கவில்லை. புதன்கிழமை நாலு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். ஐந்து மணிக்குப் பெரிய ரோட்டு நிறுத்தத்தில் சிமெண்டுப் பெஞ்சில் அவரை உட்காரவைத்து, விழாமலிருக்கத் தன் தோளைக் கொடுத்து, இடது கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவதும் நிற்கவில்லை. எழுந்து ஓடிப்போய்க் கைகாட்டலாம் என்றால் தோளை எடுத்தால் அவர் சரிந்துவிடுவார். உட்கார்ந்தபடியே கையை ஆட்டினாள். உட்கார்ந்திருக்கிறவளுக்கு எந்த ஓட்டுநர் நிறுத்துவான்?

"இந்தா பாரு" என்றார் அவர். "கம்பத்துல பெயிண்டு உரிஞ்சிருக்கும். அடுத்த வாரம் ஒரு கை பூசணும்."

"பூசலாம். பேசாம இருங்க, மூச்சு வாங்குது பாருங்க."

மூன்றாவது பஸ்ஸும் பின்னால் வருகிறது என்று கையாட்டிவிட்டுப் போயிற்று. அதன் புழுதி அடங்குகிற நேரத்தில் அக்காவுக்கு மடியில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. கையை இன்னும் அழுத்திப் பிடித்தாள். இடம் மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே, நாலு வருடமாக அவள் தூங்குவதற்குத் துணையாக ஓடிக்கொண்டிருந்த அந்த இரைச்சல் இல்லை.

நாலாவது பஸ் நின்றது. பெஞ்சுக்கு நேராகவே நின்றது. காலியாகக்கூட இருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறும்மா, சீக்கிரம் ஏறும்மா" என்றான். வேண்டாம், நீங்க போங்க என்று அவள் தலையாட்டினாள்.

பத்தொன்பது நாள் கழித்து ஒரு திங்கட்கிழமைதான் அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். நடந்தே போவதாகத்தான் இறங்கினாள். கம்பத்தருகே ஒரு புதுக் காகிதம். 'விசாரணை அறிக்கையின் அடிப்படையில் தடம் எண் 17 சி முதல் நடை மற்றும் பிற்பகல் நடை மூன்று மாத காலத்துக்குச் சோதனை அடிப்படையில் மீண்டும் இயக்கப்படுகிறது.' தேதி, அன்றைய தேதிதான். அவள் சொன்னதை எழுதி, மேலே அனுப்பி, கீழே அனுப்பி, உண்மைதான் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. காகிதத்தைக் கிழித்துப்போட வேண்டும் என்று கை பரபரத்தது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டாள். ஐம்பது முகமும் இல்லை. சிலர் வேலையை விட்டிருந்தார்கள், சிலர் கடன் வாங்கி மோட்டார்சைக்கிள் வாங்கியிருந்தார்கள், தெருக்கூட்டுகிறவள் குடும்பத்தோடு வேறெங்கோ போய்விட்டாள். காவலாளி இருந்தார். அவர் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்.

அதே பழைய வண்டி. பழக்கத்தில் ஓட்டுநர் சாக்கடைப் பாலத்து மேடையை உரசிக்கொண்டு வந்து நிறுத்தினார். பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே விசில். இரண்டு மாதம் வேலையில்லாமல் வைத்திருந்து, அப்புறம் அங்கே இங்கே அலையவிட்டு, யாருக்கும் வேண்டாத இந்தத் தடத்தையே தண்டனையாகக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கழுத்தில் புது ஊதல் தொங்கியது. அக்காவைப் பார்த்ததும் இருக்கையை விட்டு எழுந்து நின்றான்.

"கேள்விப்பட்டேன்க்கா. வரணும்னு நெனச்சேன். எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு வர்றதுன்னு..."

"எனக்கு மட்டும் என்ன மூஞ்சி இருக்கு?" என்றாள் அவள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்: "பாஸ் காட்டணும்க்கா. இப்பல்லாம் கண்டிப்பாக் காட்டணும்."

அவள் பையைத் திறந்தாள். இந்த முறை டப்பாவுக்கு அடியில் இல்லை, மேலேயே இருந்தது. பாஸை நீட்டினாள். அவன் பார்த்தான், பொத்தானை அழுத்தினான். கிர்ரென்று ஒரு சீட்டு வந்தது. கொடுத்தான். அவள் நகரவில்லை. பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து நீட்டினாள். அதிலிருந்த படத்தில் பெயிண்டர் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுவும்."

"அக்கா..."

"வருஷப் பாஸ். இன்னும் ஏழு மாசம் செல்லும். தேதியைப் பாரு."

"மாமா இல்லாம எப்படிக்கா? செக்கிங் வந்தா..."

"நாலு வருஷம் இந்த வண்டியிலதான் வந்தாரு. உசுரோட உன் பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு. ஒரு நாள்கூட நீ அடிக்கல, நானும் அடிக்க விடல. இப்பவாவது அடி."

பின்னால் யாரோ இருமினார்கள். விசில் அந்த அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பொத்தானை அழுத்தினான். அவள் இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலோரத்தில் யாரும் உட்காரவில்லை.

அன்றைக்கு முதல் நடையில் பதினோரு பேர் ஏறினார்கள். மிஷின் பன்னிரண்டு என்று காட்டியது.